பூவராகர் ஏற்றிய கஷாய விலை

நெடுங்காட்டூரில் அந்த ஐப்பசி முழுக்கக் காய்ச்சல். ஆற்றில் வெள்ளம் என்பதால் மலையிலிருந்து மூலிகை வண்டி வரவில்லை. நிலவேம்பு இருந்தது பூவராகர் கடையில் மட்டும்தான். அதுவரை ஒரு பணத்துக்கு விற்ற கஷாயக் குடுவையை, மனிதர் கொஞ்சமும் கூசாமல், ஒருநாள் காலையில் பன்னிரண்டு பணமாக்கிவிட்டார்.

பூக்கட்டும் செங்கமலம் அழுதுகொண்டே சபைக்கு ஓடி வந்தாள். "மகாராஜா, எம்பொண்ணுக்கு மூணு நாளா உடம்பு அனலா கொதிக்குது. பன்னெண்டு பணத்துக்கு நான் எங்க போவேன்?"

ராஜா உக்கிரசேனர் பூவராகரை வரவழைத்தார். வந்தவர் அசரவில்லை.

"சரக்கு குறைந்தால் விலை ஏறும். அது சந்தை வழக்கம், மகாராஜா. சந்தை வழக்கத்தில் கைவைப்பதில்லை என்று தங்கள் பாட்டனார் செப்பேடே கொடுத்திருக்கிறார்."

ராஜா கையைப் பிசைந்துகொண்டு மந்திரி குழந்தைவேலரைப் பார்த்தார். குழந்தைவேலருக்கு உள்ளுக்குள் கோபம். ஆனாலும் குரலில் தேன் ஒழுகியது.

"நியாயமான பேச்சு. வழக்கம் என்றால் முழுசாக இருக்கட்டும். மருந்து விற்பவர், அதில் கெடுதல் இல்லை என்று வாங்குபவர் கண்ணெதிரே பணத்துக்கு ஒரு மடக்கு குடித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் காசு. அதுவும் வழக்கம்தானே?"

"நான் ஒருநாளும் தவறியதில்லை," என்றார் பூவராகர் பெருமையாக.

"ஒரு பணத்துக்கு ஒரு மடக்கு. அப்படியானால் இனி?"

பூவராகர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். குடுவைக்குப் பன்னிரண்டு மடக்கு!

கடையைச் சாத்திவிட்டு நழுவவும் வழியில்லை. ராஜாவே கடை வாசலுக்கு வந்து ஆசனம் போட்டு உட்கார்ந்துவிட்டார். செங்கமலத்துக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசை. நிலவேம்பின் கசப்பு குடித்தவர்களுக்குத்தான் தெரியும். நாலாவது மடக்கில் பூவராகரின் முகம் கோணியது. எட்டாவதில் காது சிவந்தது.

"இன்னும் நாலு பாக்கி சாமி," என்றாள் செங்கமலம்.

பூவராகர் வரிசையை ஒருமுறை பார்த்தார். "ஒரு பணம்," என்றார் முனகலாக. "எல்லாருக்கும் பழைய விலைதான்."

செங்கமலம் ஒரு பணத்தை வைத்துவிட்டு, குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டு மகளிடம் ஓடினாள். ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். தம் மோதிரத்தைக் கழற்றிக் குழந்தைவேலர் விரலில் போட்டார்.

வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். பூவராகர் மெல்ல வந்து மந்திரியின் காதில் கேட்டார்:

"ஐயா, சும்மா கொடுத்துவிட்டால் குடிக்க வேண்டியதில்லையே?"