பூசணிக்காய் சாம்பாரும் ஒரு பரிந்துரைக் கடிதமும்

குருகுலத்தில் சேந்தனைப் போலக் கணக்குப் பைத்தியம் இன்னொருவர் கிடையாது. மதிப்பெண்ணில் மட்டும் அது தெரியாது. போன பரீட்சையில் முதல் கணக்கு மனசுக்குப் பிடித்துப்போக, அதையே நாலு விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டு, மற்றதையெல்லாம் கடைசி நேரத்தில் அள்ளித் தெளித்துவிட்டு வந்த பிள்ளை. டவுனிலிருந்து வாரா வாரம் பஸ்ஸில் வந்து கணக்குச் சொல்லித்தரும் மங்கை டீச்சர், ‘மற்றக் கணக்கெல்லாம் என்ன பாவம் செய்தது?’ என்று விடைத்தாளில் சிவப்பு மையில் கேட்டிருந்தார். மார்க்கும் அதற்கேற்றபடிதான்.

நகரத்துக் கல்லூரியில் கணிதம் படிக்க வேண்டும் என்பது சேந்தனின் உயிர் ஆசை. அங்கிருந்து பதில் வந்தது. மதிப்பெண் போதாது, ஆனாலும் உங்களை நன்றாக அறிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தை அனுப்புங்கள், அதைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று. இனி எல்லாம் அந்த ஒரு கடிதத்தின் கையில்.

சேந்தன் குருவிடம் போய் நின்றான்.

“ஐயா, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.”

“நான் எழுத மாட்டேன்.”

“ஏன் ஐயா?”

“உன்னை அனுப்ப எனக்கு மனசில்ல. எழுதுற எழுத்துல அது தெரிஞ்சுடும்.”

சேந்தன் நகராமல் அங்கேயே நின்றான்.

“நீ யாரை நினைச்சிருக்கே?” என்று குருவே கேட்டார்.

“துணைவேந்தர் ஐயாவை.”

அவர் ஓய்வுபெற்ற துணைவேந்தர். குருகுலத்தின் ஆண்டுவிழாவுக்குத் தவறாமல் வருவார், தவறாமல் ஒரு மணி நேரம் பேசுவார். அவருடைய கடிதத்தாளில் பெயருக்குக் கீழே பட்டங்களே நாலு வரி போகும்.

“மங்கை டீச்சர்?”

“ஐயோ, அவங்களா? மானத்தை வாங்கிடுவாங்க ஐயா.”

குரு சிரித்தார். “நாளைக்கு விழா. ரெண்டு பேரும் வருவாங்க. சமையலை நீ பார்த்துக்கோ.”

மறுநாள் விடிந்ததும் சேந்தன் அடுப்பு மூட்டினான். பூசணிக்காயை நறுக்கினான், பருப்பை வேக வைத்தான். பருப்பு வேகும் நேரத்தில், ஒரு வாரமாகத் தூங்கவிடாமல் படுத்திய வட்டக் கணக்கு ஒன்றைக் கரித்துண்டால் சமையலறைச் சுவரில் போட்டுப் பார்த்தான். சாம்பார் கொதித்தது. அவன் மண்டையும் கொதித்தது.

அந்தக் குருகுலத்தில் ஒரு வழக்கம். இலையில் விழுந்ததைப் பற்றிப் பந்தியில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சமைத்தவன் கடைசியாக உட்கார்ந்து சாப்பிடும்போது தானே தெரிந்துகொள்வான். அன்றும் எல்லாரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். ஊறுகாய்ச் சட்டி மட்டும் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றி வந்தது. சேந்தனுக்கு அது கண்ணில் படவில்லை, கண்ணெல்லாம் துணைவேந்தர் மேல்தான்.

கை கழுவியதும் அவர் சேந்தனின் தோளில் தட்டினார். “அமிர்தம் தம்பி, அமிர்தம்!”

கார் வரைக்கும் கூடவே ஓடி, சேந்தன் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

“கடிதம்தானே? நீயே எழுதிட்டு வா தம்பி. நல்ல நல்ல வார்த்தையா போட்டுக்கோ. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி திரும்பி வந்தான். குழாயடியில் மங்கை டீச்சர் நின்றிருந்தார்.

“ஏண்டா, இன்னிக்கு எந்தக் கணக்கு?”

“அந்த வட்டக் கணக்கு டீச்சர். இன்னும் பிடி கிடைக்கல.”

“எனக்கும் காட்டு. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு.”

“இதோ வந்துடறேன் டீச்சர்” என்றவன், நேரே குருவிடம் ஓடினான்.

“ஐயா, துணைவேந்தர் ஐயா சரின்னுட்டார்! சாப்பாடு அமிர்தம்னும் சொன்னார்!”

“நீ சாப்பிட்டியா?”

“இல்லீங்கய்யா.”

“உக்காரு.”

குருவே இலை போட்டார். வேண்டாம் என்று சேந்தன் எழப் பார்த்தபோது தோளை அழுத்தி உட்கார வைத்து, சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றினார். சேந்தன் ஒரு வாய் வைத்தான். அந்த வாய் உள்ளே இறங்கவில்லை.

“ஐயா... உப்பே இல்லையே.”

“இல்லதான்.”

“அத்தனை பேரும் சாப்பிட்டாங்களே!”

“சாப்பிட்டோம்.”

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அன்று அது குப்பைக்குப் போகவில்லை. வழக்கத்துக்காகப் பாதி, அந்தப் பையன் மேல் வைத்த பிரியத்துக்காகப் பாதி என்று இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் எல்லார் வயிற்றுக்கும் போயிருந்தது.

சேந்தன் இலையையே பார்த்தான். அமிர்தம் என்ற சொல் காதில் ஒருமுறை ஒலித்து அடங்கியது. பிறகுதான் குழாயடி நினைவுக்கு வந்தது.

“டீச்சர் சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல ஐயா. எந்தக் கணக்குன்னு கேட்டாங்க.”

குரு அவன் இலையோரத்தில் ஊறுகாய் வைத்தார்.

“நான் கணக்குல இருந்தேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்ட சேந்தனுக்கு, கேட்டு முடிக்கும்போதே விடையும் தெரிந்துவிட்டது. கண் கலங்கியது. ஆனாலும் பயம் விடவில்லை.

“ஐயா, அவங்க எழுதினா, உப்புப் போட மறக்கிற பையன்னு எழுதிடுவாங்களே?”

“எழுதட்டும்டா. எதுல மூழ்கி மறந்தான்னு அவங்களாலதானே எழுத முடியும்?”