சாமி தூக்கிய எருமைகளும் தர்மகர்த்தா நரியும்

ஒரு காட்டுக் கோயிலில் கொக்குதான் பூசாரி. ஆமை தர்மகர்த்தா. நான்கு எருமைகள் சீர்பாதம். சீர்பாதம் என்றால், சாமிப் பல்லக்கைத் தோளில் சுமந்து வலம் வருகிறவர்கள்.

அது ஒரு காலம்! சித்திரைத் திருவிழா அன்று கோயில் சுனையில் முதல் தண்ணீர் சீர்பாதத்துக்கு. எல்லோரும் குடித்து முடித்தபின் ஆமை மெதுவாக வந்து, மிச்சத்தில் வாயை நனைத்துக்கொள்ளும். தோளில் ஏறிய பல்லக்கு கோயில் திரும்பும்வரை தரையைத் தொடாது. எருமைகள் அசைந்து நடக்கிற அழகைக் காண மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட மான்கள் வரும். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகின்றன.

ஆமை கண்ணை மூடியதும் நரி தர்மகர்த்தா ஆனது. அந்த வருடம் கடுமையான கோடை. சுனையில் கொஞ்சம்தான் தண்ணீர். திருவிழா அன்று நரி முதல் ஆளாக இறங்கிக் குடித்தது, குளிக்கவும் செய்தது.

“நரியாரே, முதல் தண்ணீர் எங்களுக்கு அல்லவா?” என்று கேட்டது கருக்கி என்ற எருமை. “என் கன்று நேற்றிலிருந்து நாக்கு வறண்டு நிற்கிறது.”

“கோயில் என்னுடையது. நீங்கள் சுமைகூலிகள். ஊர்வலம் முடிந்து சேறு மிஞ்சினால் நக்கிக்கொள்ளுங்கள்.”

“தர்மகர்த்தா என்றால் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். கோயிலுக்குச் சொந்தக்காரர் என்று யார் சொன்னது?”

“பார், வாதம் பண்ண வந்துவிட்டாள்.”

“அர்த்தம்தான் கேட்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்களேன்.”

நரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாகத்தோடே எருமைகள் பல்லக்கைத் தூக்கின. பாதி வழியில், பொட்டல் வெளியில், நான்கும் ஒன்றாகக் குனிந்து அதைத் தரையில் இறக்கின. கூட்டம் திகைத்தது.

“சாமியை மண்ணில் வைக்கலாமா?” என்று நரி பதறியது.

“சீர்பாதம் வைக்காது. சுமைகூலிகள் களைத்தால் இறக்கித்தான் வைப்பார்கள்,” என்றது கருக்கி.

நரி கொக்கைப் பார்த்தது. “எனக்கு மணி ஆட்டத் தெரியும். பல்லக்குத் தூக்கத் தோள் ஏது?” என்றது கொக்கு. நரி தானே தோள்கொடுத்துத் தூக்கிப் பார்த்தது. பல்லக்கு அசையவில்லை. வெயில் ஏறியது. சாமி கழுத்து மாலை வாடியது. அத்தனை கண்களும் நரி மேலேயே இருந்தன.

“சீர்பாதங்களே,” என்றது நரி கடைசியில், சன்னமாக. “சுனைக்குப் போய்க் குடித்துவிட்டு வாருங்கள். கன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள்.”

“நீங்கள் வரவில்லையா?”

“எல்லோரும் குடித்த பிறகு வருகிறேன்.”

பதவியின் பெயரைச் சூட்டிக்கொண்டவருக்கு அல்ல, அந்தப் பெயர் சொல்கிற வேலையைச் செய்கிறவருக்கே அது சொந்தம்.