கோமளா டாக்கீஸும் வாய்க்கூடு போட்ட மாடும்

முட்டாள்தனத்துக்கு அரசாங்கம் வரி போடாதது எங்கள் அதிர்ஷ்டம். போட்டிருந்தால் எங்கள் வீடு எப்போதோ ஜப்திக்குப் போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் குருவையா மதுரையில் சினிமா போஸ்டர் வரைகிறவர். அவருக்குக் கையாட்கள் இரண்டு பேர், தவசியும் மொக்கைச்சாமியும். நான் பசை காய்ச்சிக் கொடுக்கிறவள். அவர்கள் மூவரும் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். என் கவலையே அதுதான்.

கோமளா டாக்கீஸுக்கு நூறு வயது ஆனது. முதலாளி காலமானபிறகு அதைக் கட்டிக் காப்பவர் அவர் மனைவி பங்கஜவல்லியம்மா. அவருடைய கொழுந்தனாருக்கோ தியேட்டரை பிளைவுட் குடோனாக மாற்ற ஆசை. நாள் தவறாமல் வந்து நச்சரித்தார். கடைசியில் அம்மா ஒரு வார்த்தை சொன்னார்.

"நூறாம் வருஷ விழாவுக்குச் சும்மாவே படம் போடுறேன். ஹால் நிரம்புச்சுன்னா தியேட்டர் தியேட்டராவே இருக்கட்டும். நிரம்பலேன்னா சாவியை நீங்களே வச்சுக்கங்க, தம்பி."

"பேச்சு மாறக் கூடாது மதினி" என்றார் கொழுந்தனார்.

அம்மா எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார். "விழா போஸ்டர்ல தியேட்டர் எப்படி இருக்கோ அப்படியே வரையணும். படத்துக்கும் தியேட்டருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கக் கூடாது" என்றார். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல விட்டிருக்க மாட்டேன்.

வரைந்தது அழகாகத்தான் வந்தது. பொய் சொல்லக் கூடாது. மூடிய பெரிய கதவு, மேலே சுண்ணாம்புச் சிங்கங்கள் இரண்டு, மூக்கு உடைந்த சிங்கத்துக்கு உடைந்த மூக்கு, வளைவுகளில் மஞ்சள் வெயில். வாசலில் ஒரு சிவப்பு மாடு நின்றது. அதையும் வரைந்தார்கள். வரைந்து முடித்ததும் மாடு போய்விட்டது.

"இப்ப படம் தப்பாப் போச்சே" என்றான் தவசி.

"படம் சரிதான். தியேட்டர்தான் தப்பு" என்றார் என் வீட்டுக்காரர்.

வாழைப்பழத் தோலைக் காட்டி மாட்டைக் கூட்டிவந்து, அதே இடத்தில், அதே பக்கம் பார்க்க வைத்துக் கட்டினார்கள். மாட்டைத் தேடி வந்த மாட்டுக்காரம்மாவுக்கு நான் பதில் சொன்னேன்.

பெரிய போஸ்டரைத் தியேட்டருக்கு எதிர்ச் சுவரில் ஒட்ட வேண்டும். பசையில் வழக்கம்போல மயில்துத்தம் கலந்தேன். அந்தக் கசப்புக்கு மாடு போஸ்டரைத் தின்னாது.

மொக்கைச்சாமி யோசனையோடு நின்றான். "மதினி, துத்தம் பின்பக்கம்தானே இருக்கு. வெளிய இருக்கிற மாடு தின்னாது, சரி. படத்துக்குள்ள ஒரு மாடு இருக்கே, அது முன்பக்கத்துல இருந்து தின்னுச்சுன்னா?"

"அது படம்டா" என்றேன்.

"படமா இருந்தாலும் மாடுதானே" என்றார் என் வீட்டுக்காரர். தூரிகையை எடுத்துப் படத்து மாட்டின் வாயில் ஒரு வாய்க்கூடு வரைந்தார். அப்புறம் மூவரும் சாலையைக் கடந்து போய், நிஜ மாட்டுக்கும் ஒரு வாய்க்கூடு கட்டினார்கள்.

அந்தப் படத்தையே அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினோம். ஊரில் சிங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. "தியேட்டர் வாசல்ல மாட்டுக்கு எதுக்குய்யா வாய்க்கூடு?" இதே பேச்சுதான் எல்லா டீக்கடையிலும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு கொள்ளாத கூட்டம். எல்லாரும் மாட்டைப் பார்த்தார்கள், திரும்பிப் போஸ்டரைப் பார்த்தார்கள், மறுபடி மாட்டைப் பார்த்தார்கள். உள்ளே ஒருவரும் போகவில்லை. மாடு வெளியே இருக்கும்போது உள்ளே என்ன வேலை?

பங்கஜவல்லியம்மா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கொழுந்தனாரோ காலி நாற்காலிகளை ஒரு தடவை கண்குளிரப் பார்த்துவிட்டு வருவதாக உள்ளே போனார்.

எங்கள் ஆட்களுக்கு வேறு கவலை.

"அண்ணே, படத்துல கூட்டம் இல்லையே" என்றான் தவசி.

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. "ஒரு வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னாங்களே. இது ஆயிரம் வித்தியாசமாச்சே."

"எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிருவோம்" என்றான் தவசி.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மொக்கைச்சாமி தலையை ஆட்டினான். "வீட்டுக்குப் போனாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டேதான் போவாங்க. சீக்கிரம் மறையணும்னா உள்ள தள்ளிர வேண்டியதுதான்."

தள்ளினார்கள். முன்னால் நின்றவர் போக, பின்னால் நின்றவர் அங்கே என்னவோ கொடுக்கிறார்கள் என்று தானாகவே போனார். மாட்டுக்காரம்மாவும் போனார். கதவைச் சாத்தியதும் வாசலில் மாடு மட்டும் நின்றது. மூவரும் போஸ்டரைப் பார்த்தார்கள், தியேட்டரைப் பார்த்தார்கள். நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

உள்ளே உட்கார ஒரு நாற்காலி காலி இல்லை. கொழுந்தனாரே சுவரில் சாய்ந்து நின்றுதான் படம் பார்த்தாராம். அம்மா சாவிக்கொத்தை மறுபடி இடுப்பில் செருகினார். செருகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதோடு முடிந்திருக்கலாம். சினிமா முடிந்து உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது. எங்கள் ஆட்கள் திறக்கவில்லை.

"கதவைத் திறங்கப்பா" என்றார் அம்மா.

"படத்துல மூடித்தானம்மா இருக்கு."

"அப்ப படத்தைத் திருத்துங்க."

இது மூவருக்கும் சரியாகப் பட்டது. ஏணியைச் சாத்தி, கதவைத் திறந்த மாதிரி திருத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்தி, போஸ்டரில் வரைந்து முடித்து, வெளியே விட்டார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. தியேட்டர் போஸ்டரில் முகம் வருவது யாருக்குக் கசக்கும்? தலை வாரிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மாட்டுக்காரம்மா மாட்டுக்குப் பக்கத்திலேயே தன்னை வரையச் சொன்னார்.

கடைசியில் நின்றவர் கொழுந்தனார். தலைக்கும் மீசைக்கும் புதுச் சாயம் பூசி, கருகருவென்று இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கறுப்பு பெயிண்ட் தீர்ந்துவிட்டது. கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.

"என்னை மொட்டையா வேணும்னாலும் வரைங்கடா, வெளிய விட்டாப் போதும்" என்றார் கொழுந்தனார்.

மூவரும் தனியே போய்க் கலந்து பேசினார்கள். அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. என் வீட்டுக்காரர் உடனே மொட்டையாக வரைந்து முடித்தார்.

மொக்கைச்சாமி சலூன்காரரைக் கூட்டிவரப் போயிருக்கிறான்.