வலிக்காத சீட்டு

பூதப்பாண்டிக்கு மேற்கே, மலை இறங்கி வந்து வயலைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன மடம். அதில் உலகம்மை என்றொரு துறவி இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவரைவிட மூத்தவர்களும் அவரை அம்மை என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் தாணுமாலயனும் ஒருவர்.

தாணுமாலயன் நாகர்கோவிலில் டாக்சி ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. ஒருநாள் சவாரி ஒன்றை மடத்தில் இறக்கிவிட்டு வெளியே காத்துக்கிடந்தார். அந்தச் சவாரி பிறகு மடத்துப் பக்கம் வரவே இல்லை. தாணுமாலயன் வந்துகொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அம்மையை ஏற்றிக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போவார். வழியில் ஏதாவது கேட்பார். பாதிக் கேள்விக்குப் பதில் வரும். மீதிக்கு, எங்கேயாவது நிறுத்தி டீ குடிக்கலாமா என்பார் அம்மை.

தாணுமாலயனுக்கு இடுப்பு வலி. அடிபட்டதால் வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் குனிந்து டயரைப் பார்த்தார். நிமிரும்போது வலியும் கூடவே நிமிர்ந்தது. பிறகு அது போகவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ஆபரேஷன் தேவையில்லை, முழுசாகப் போய்விடும் என்றும் சொல்ல முடியாது, சில பயிற்சிகளைச் செய்யுங்கள், ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்காராதீர்கள் என்றார். டிரைவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது என்று வீட்டுக்கு வந்து மனைவி கோலம்மையிடம் கேட்டார் தாணுமாலயன். பயிற்சியை ஒரு வாரம் செய்துவிட்டு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சீட்டோடுதான் சண்டை. ஸ்பாஞ்சு மெத்தை வாங்கிப் போட்டார். அதன்மேல் மணி கோத்த விரிப்பு. முதுகுக்கு ஒரு தலையணை, அந்தத் தலையணைக்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் நல்லது என்று யாரோ சொன்னார்கள், அதுவும் வந்தது. கடைசியில் தலை கூரையில் தட்டியது, பிரேக்கைக் காலால் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. வலி மட்டும் இடம் மாறவில்லை.

அந்த ஐப்பசியில் மஸ்கட்டிலிருந்து மகள் சுகன்யா போன் செய்தாள். மார்கழியில் வருகிறாளாம். பேரன் அங்கேயே பிறந்தவன், ஆறு மாதம் ஆகிறது, தாத்தா இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவதாகச் சொன்னாள். நீங்கள் சிரமப்பட வேண்டாம் அப்பா, நாங்களே ஒரு வண்டி பிடித்து வந்துவிடுகிறோம் என்றும் சொன்னாள்.

அந்தச் சொல் அவருக்கு இடுப்பைவிட அதிகமாக வலித்தது. ஊரில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டவர் அவர். சொந்தப் பேரனை இன்னொருவன் கூட்டிவருவதா? ஆனால் போன வாரம்தான் அதே திருவனந்தபுரம் வழியில் தக்கலையைத் தாண்டியதும் வலது கால் மரத்துப்போய், வண்டியை ஓரங்கட்டி, சவாரியை வேறு காரில் ஏற்றி அனுப்பியிருந்தார். கைக்குழந்தையோடு வரும்போது அப்படி ஆகிவிட்டால்? தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மடத்துக்குப் போனார்.

அம்மை முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வலிக்காத சீட்டுன்னு ஒண்ணு உண்டுமா அம்மை?"

"நீங்க எப்பவாவது அதுல உட்கார்ந்திருக்கீங்களா?"

"உண்டும்," என்றார் தாணுமாலயன். சொல்லும்போதே முகம் இளகியது.

பழைய வெள்ளைக் காரைப் பற்றிச் சொன்னார். அவருடைய முதல் கார். முன்பக்கம் ஒரே நீளச் சீட்டு, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை சவாரி எடுக்க மாட்டார். கோலம்மை கதவோரம், நடுவில் சுகன்யா. முட்டத்துக்குப் போவார்கள், திற்பரப்புக்குப் போவார்கள். திரும்பி வரும்போது பிள்ளை அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிவிடும். அதன் தலைமுடியில் கடலின் உப்பு வாசம் அடிக்கும். இரண்டு பக்கமும் தென்னை. எதிரே வண்டியே இருக்காது. கோலம்மை ஏதோ ஒரு பாட்டைப் பாதி வரி மட்டும் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

"நாள் பூரா உட்கார்ந்தாலும் இடுப்புன்னு ஒண்ணு இருக்கதே தெரியாது அம்மை. சீட்டுன்னா அது சீட்டு."

"அப்ப அதைக் கொண்டு வாங்க. நானும் ஒரு தடவை உட்கார்ந்து பாக்கேன்."

அம்மை சொன்னால் தாணுமாலயனுக்கு மறுபேச்சு கிடையாது. தேடக் கிளம்பினார். அந்தக் காரை வள்ளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார். அவர் அதைக் களக்காட்டில் விற்றிருந்தார். அங்கிருந்து கைமாறி, ஓடுகிற மட்டும் ஓடி, பணகுடியில் ஒரு வீட்டுக் கொல்லையில் சக்கரமில்லாமல் கல்மேல் நின்றது. தாணுமாலயன் எட்டிப் பார்த்தார். முன்சீட்டில், அவர் உட்காரும் இடத்தில், ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

வந்த காரியத்தைச் சொன்னார். அந்த வீட்டம்மாள் சிரிக்கவில்லை. தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் குஞ்சு பொரித்த பிறகு வாருங்கள் என்றாள். அவர் காத்திருந்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது கோழி குஞ்சுகளோடு கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது. சீட்டைக் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றி, இறகும் எச்சமும் போகக் கழுவிக் காயவைத்து, கோலம்மையையும் கூட்டிக்கொண்டு மடத்துக்கு வந்து முற்றத்துப் புன்னையடியில் இறக்கினார்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தாணுமாலயன் வலது ஓரம், கோலம்மை இடது ஓரம், நடுவில் அம்மை. எதிரே வயல். தாணுமாலயனின் கைகள் தாமாகவே உயர்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டன.  காற்று வந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு இடது பக்கம் சாய்ந்தார். பிறகு வலது பக்கம். பிறகு கைகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுவும் வலிக்கு அம்மை."

அம்மை கோலம்மையைப் பார்த்தார்.

"அப்பவும் வலிக்கத்தான் செய்தது," என்றாள் கோலம்மை.

அவள் சொல்லச் சொல்லத் தாணுமாலயன் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டில் அவர் பக்கம் அமுங்கிப்போய்க் கிடந்ததாம். அவள்தான் தன் பழைய நூல்சேலை ஒன்றை மடித்து அடியில் வைப்பாளாம். மடியில் பிள்ளை தூங்கினால் அசைய மாட்டாராம், கால் மரத்துவிடுமாம். டீக்கடைக்கு டீக்கடை நிறுத்துவாராம். காற்று இருக்கிறதா பார்க்கிறேன் என்று காரைச் சுற்றிச் சுற்றி நடந்து ஒவ்வொரு டயராக உதைப்பாராம். வீட்டுக்கு வந்ததும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, சுகன்யாவைக் கூப்பிட்டு முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வாராம்.

குட்டிக் குதிகால்கள் இரண்டு முதுகில் ஏறி இறங்குவது தாணுமாலயனுக்கு இப்போது தெரிந்தது. ஏறும்போது பிள்ளை அவருடைய தலைமுடியைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் நினைவுக்கு வந்தது.

"எல்லாம் மறந்தே போச்சு," என்றார்.

"காரு எங்க நிக்கு?" என்று கேட்டார் அம்மை.

வேலிக்கு வெளியே நின்றது, இப்போது ஓட்டுகிற சின்னக் கார். அம்மை டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சீட்டில் கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"இது எதுக்கு?"

"வலிக்கு."

"இது?"

"அதுவும் வலிக்குத்தான்."

"இந்த வளையம்?"

தாணுமாலயன் யோசித்தார். "வலி வந்துரக்கூடாதேன்னு ஒரு பயத்துல வாங்கினது."

எல்லாவற்றையும் புல்லில் வைத்துவிட்டு, உட்காருங்கள் என்றார் அம்மை. உட்கார்ந்தார். அவருடைய பேண்ட்டின் பின்பையில் பர்ஸ் தடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்கச் சொன்னார். முழங்கால் கொஞ்சம் மடங்குகிற அளவுக்குச் சீட்டை முன்னால் தள்ளச் சொன்னார். சாய்மானத்தை நிமிர்த்தச் சொன்னார். கோலம்மை அவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்துச் சுருட்டி, இடுப்புக்குப் பின்னால் குழிந்த இடத்தில் வைத்தாள். முதலில் தடிமனாக இருந்தது. ஒரு சுற்றுக் குறைத்தாள்.

"இப்ப?" என்றார் அம்மை.

"வலிக்கு." சற்றுப் பொறுத்து, "ஆனா இருக்கலாம்," என்றார் தாணுமாலயன்.

"இப்படியே எதுவரைக்கும் போவலாம்?"

"தக்கலை வரைக்கும் போவலாம்."

"அப்ப தக்கலையில இறங்குங்க."

"தக்கலைக்கு அப்புறம் எவ்வளவு தூரம் கெடக்கு அம்மை."

"அது தக்கலைக்கு அப்புறம்லா கெடக்கு."

 தாணுமாலயன் நீளச் சீட்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகவில்லை. அது புன்னையடியிலேயே கிடந்தது. மடத்துக்கு வருகிறவர்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

கார்த்திகை முழுக்கச் சின்னச் சின்னத் தூரங்கள் ஓட்டிப் பார்த்தார். வலி தலைகாட்டியதும் நிறுத்தினார், இறங்கினார், நடந்தார். சவாரிகளிடம் முன்கூட்டியே சொன்னார். சிலர் முகம் சுளித்து வேறு வண்டிக்குப் போனார்கள். சிலர் அவரோடு சேர்ந்து இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். டாக்டர் சொன்ன பயிற்சிகளைக் காலையில் கோலம்மை பக்கத்தில் நின்று செய்யவைத்தாள். துவர்த்து பழகிவிட்டது. வலி இருந்தது. சில நாள் குறைவாக, சில நாள் காரணமே இல்லாமல் அதிகமாக. மகளிடம், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மார்கழியில் அந்த நாள் வந்தது. அம்மையும் வர வேண்டும் என்று கோலம்மை போய்க் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னால் இவர் நிறுத்த மாட்டார், நீங்கள் இருந்தால் நிறுத்துவார் என்றாள். அம்மை வந்தார். ஆனால் வழியில் ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. தக்கலையில் தாணுமாலயனே நிறுத்தினார். மார்த்தாண்டத்தில் நிறுத்தினார். நெய்யாற்றின்கரையில் நிறுத்தினார். பனியில் காரைச் சுற்றி நடந்தார்.

விமான நிலையத்தில் சுகன்யா முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். எப்படி உட்கார்ந்து வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். பேரன் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். தாணுமாலயன் பதில் சொல்ல மறந்துபோனார்.

திரும்பும்போது பெண்கள் இருவரும் பிள்ளையோடு பின்னால், அம்மை முன்னால். பாலராமபுரம் தாண்டியதும் பின்னால் பேச்சு அடங்கியது. கண்ணாடியில் பார்த்தார். சுகன்யா அம்மாவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் தூங்கியது போலவே. நெய்யாற்றின்கரை வந்தது. இடுப்பு நிறுத்து என்றது. வண்டி நின்றால் பிள்ளைகள் விழித்துவிடுவார்களே என்று அவர் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அம்மை ஜன்னல் வழியாக வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

களியக்காவிளையில் வலது கால் மரக்கத் தொடங்கியது. பிரேக்கில் பாதம் இருக்கிறதா என்று ஒரு கணம் தெரியவில்லை. தாணுமாலயன் வேகத்தைக் குறைத்து, ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பேரன்கூட அழவில்லை.

இறங்கினார்கள். கோலம்மை பேரனைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்குப் பஸ் காட்டினாள். சுகன்யா கைகளை உயர்த்திச் சோம்பல் முறித்து, இந்த ஊர் டீ வாசம் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். தாணுமாலயன் கால் சரியாகும் வரை நடந்துவிட்டுப் பானெட்டில் சாய்ந்து நின்றார். அம்மை இரண்டு கிளாஸ் டீயோடு வந்து ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"வலிக்கா?"

"வலிக்கு." ஒரு வாய் குடித்தார். "ஒண்ணு கேக்கட்டுமா அம்மை?"

"கேளுங்க."

"அந்த வெள்ளைக் காருல போனோம்லா, எல்லாரும் ஒண்ணா. அந்த மாதிரி ஒரு நாள் இனி வராது, இல்லியா?"

டிரைவர் பக்கக் கதவு திறந்தே கிடந்தது. அம்மை உள்ளே பார்த்தார். சீட்டில் சுருட்டிய துவர்த்து அவர் இறங்கியபடியே கசங்கிக் கிடந்தது. பிறகு பஸ்ஸைப் பார்த்துக் கைதட்டும் பிள்ளையைப் பார்த்தார்.

"இன்னும் பத்து வருசம் கழிச்சு, இந்தச் சீட்டைத் தேடி ஊர் ஊரா அலைவீங்க அண்ணாச்சி."