எருமைகள் அணியின் தோல்வியில்லாத வரலாறு

சைகோனில் ‘எருமைகள்’ என்றொரு வீடியோ கேம் அணி இருந்தது. ஐந்து பேர் கணினி முன் உட்கார்ந்து, கோப்பைக்காக விளையாடும் தொழில்முறை அணி. அதை விலைக்கு வாங்கிய பாங் என்பவருக்குத் தலைக்கனம் அதிகம். ஆட வேண்டிய ஐவரையும் பயிற்சியாளரைக் கேட்காமல் அவரேதான் பொறுக்குவார். அதில் ஒருவர் அவருடைய மச்சான்.

அணியின் பத்தாம் ஆண்டு விழா வந்தது. முதல் நாளிலிருந்து அணிக்குச் சமைத்துப் போடும் லியென் அக்காவை பாங் கூப்பிட்டார்.

“நம்ம அணி வரலாற்றை நீதான் எழுதணும். அதில் ஒரு தோல்விகூட இருக்கக் கூடாது. பொய்யும் கூடாது, நிருபர்கள் பிடிச்சுடுவாங்க. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிடு.”

“சரிங்க சார்.”

விழா மேடையில், ஆயிரம் ரசிகர்கள் முன்னால் பாங்கே அதை வாசித்தார். நெட் கஃபேயில் ஐந்து நண்பர்கள் அணியைத் தொடங்கியது, முதல் கோப்பை, மூன்று முறை தேசிய சாம்பியன் ஆனது. அரைப் பக்கத்தில் வரலாறு முடிந்துபோனது. காகிதத்தைத் திருப்பினார். வெறும் வெள்ளை.

“நான் எங்கே?” என்று மைக்கிலேயே கத்தினார்.

“தோல்வியெல்லாம் எடுக்கச் சொன்னீங்க சார். எடுத்தேன். நீங்க வந்த பிறகு எதுவும் மிஞ்சலை.”

அரங்கம் விசிலால் அதிர்ந்தது. “ஆளைப் பயிற்சியாளர் பொறுக்கட்டும்!” என்று ரசிகர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். நிருபர்கள் முன்னால் பாங் வேறு வழியின்றித் தலையாட்டினார்.

அடுத்த மாதமே அணி ஜெயித்தது. லியென் வரலாற்றில் ஒரு வரி சேர்த்தாள்: “அன்று முதலாளி ஊரில் இல்லை.”