பந்து வராத பக்கம்

ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தரிடம் போய்ச் சிஷ்யனாக நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. பக்கிரிசாமி சார் நின்றார். அதுவும் தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவரிடம்.

பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவர் அவர். விசிலை வாயில் வைப்பதற்குள் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கால்பந்துக் கோச் ஆகியே தீருவது என்று பரீட்சை எழுதினார். பாஸும் ஆனார். "பரீட்சை மட்டும் போதாது, ஆறு மாசம் ஒரு நல்ல கோச் கூட இருந்து கத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிக் கடலூருக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்தவர் ஜெசிந்தா மேடம். ஒரு மகளிர் அணிக்குக் கோச். மாநில அணிக்கு ஆடியவர். முழங்கால் போன பிறகு சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். எதையாவது கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி வரும். இல்லாவிட்டால் ஒரு வேலை வரும். முதல் வாரம் பக்கிரிசாமி சாருக்கு இதில் மகா எரிச்சல். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரத்தில் மேடம் நின்றால் இவரும் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் நிரோஷா அணியில் சேர வந்தாள்.

வேதாரண்யம் பக்கத்துப் பெண். பதினேழு வயசு. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. ஊரில் பையன்களோடு ஆடித்தான் பந்து பழகினாள். வயசுப் பெண்ணுக்குப் பையன்களோடு என்ன ஆட்டம் என்று நாலு பேர் பேச, அதுவும் நின்றுபோயிற்று.

லீக் ஆட்டங்கள் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் ஆட்டக்காரர் பட்டியல் கால்பந்துச் சங்கத்துக்குப் போகவேண்டும். அதில் பேர் இருந்தால் சீசன் முழுக்க விடுதி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு. இல்லாவிட்டால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். ஊரில் பெண்களுக்கு அணி கிடையாது. பஸ் ஏறினால் அவளுக்கு அதோடு ஆட்டமும் கிடையாது.

சனிக்கிழமை ஒரு கல்லூரி அணியோடு ஃபிரெண்ட்லி மேட்ச். சீசனுக்கு முந்தைய முதல் ஆட்டம். நிரோஷாவை ரைட் விங்கில், அதாவது வலது ஓரத்தில், இறக்கினார் மேடம்.

"புதுப் பொண்ணைப் பத்தி நீங்க எழுதுங்க சார்" என்றார். "நீங்க எழுதுறதை வச்சுத்தான் முடிவு."

பக்கிரிசாமி சாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த நிமிஷமே பயமும் வந்தது. ஒரு பெண்ணின் ஆட்டம் தன் பேனாவில் இருக்கிறது என்றால் சும்மாவா? கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்தார். ஆட்டம் முடிகிறவரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். ஜெசிந்தா மேடம் பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். சார் பக்கத்தில் போய் நின்றார்.

"எழுதிட்டீங்களா சார்?"

"கணக்கெடுத்துட்டேன் மேடம். மொத்த ஆட்டத்துலயும் பந்து அவகிட்ட வந்தது நாலே நாலு தடவை. மூணைத் தொலைச்சிட்டா. ஒண்ணை வெளியே அடிச்சிட்டா."

"சரி."

"மனசு கேக்கல மேடம். அமைதியான பொண்ணு. சொன்ன பேச்சைக் கேக்குது. அதுக்காக இல்லாததை எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்க. இவ தேறுவாளா?"

மேடம் பையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"உங்ககிட்ட ஷூ இருக்கா சார்?"

"இருக்கு மேடம். எதுக்கு?"

"நாளைக்குக் காலைல நீங்க ரைட் விங் ஆடுங்க."

"நானா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்துத் தெருப் பையன்களோடு பயிற்சி ஆட்டம். நிரோஷா வெளியே உட்கார்ந்தாள். அவள் இடத்தில் பக்கிரிசாமி சார், தொப்பையைப் பனியனுக்குள் அடக்கிக்கொண்டு இறங்கினார். பெண்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த மனிதருக்கு ஆட்டம் தெரியும். ஆள் இல்லாத இடம் எது என்று பார்த்துப் பார்த்து ஓடினார். ஓடிப்போய் நின்று கையைத் தூக்கினார்.

"ம்மா! இங்கம்மா!"

பந்து இடது பக்கம் போயிற்று.

"ம்மா! ஆள் இல்லம்மா! போடும்மா!"

பந்து நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் பெண் பிள்ளைகள் எல்லாருமே அவருக்கு 'ம்மா'தான். அதே வாய்தான் இங்கேயும் கத்தியது. ஒரு தலையும் திரும்பவில்லை.

இருபது நிமிஷத்தில் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிய நேரம் பார்த்து ஒரு பந்து வந்தது. இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து கோட்டைத் தாண்டியது. கேப்டன் மேரி ஓடி வந்தாள்.

"சார், தண்ணி ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்மா" என்று அசடு வழிந்தபடி வெளியே வந்தார்.

ஜெசிந்தா மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சார் குடித்து முடித்ததும் கேட்டார்.

"எத்தனை பந்து வந்துச்சு சார்?"

"ஒண்ணு. அதையும் விட்டுட்டேன்."

"ஏன் ஒண்ணுதான் வந்துச்சு?"

"ஓடினேனே மேடம்! நீங்களும் பார்த்தீங்கல்ல? ஆள் இல்லாத இடத்துலதான் நின்னேன். ஒருத்தியும் திரும்பலையே!"

"கூப்பிட்டீங்களா?"

"தொண்டை கட்டிப்போச்சு கூப்பிட்டு."

"யாரைக் கூப்பிட்டீங்க?"

சார் உள்ளே ஆடிக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். யாரைக் கூப்பிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மெதுவாகக் கேட்டார்.

"நேத்து அந்தப் பொண்ணும் ஓடினாளா மேடம்?"

"நீங்கதானே சார் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் எங்கே பார்த்தார்? பந்தை அல்லவா பார்த்தார். பந்து அவளிடம் வந்தபோது மட்டும் அவளைப் பார்த்தார். அது வராத நேரத்தில் அவள் என்ன செய்தாள் என்பதற்கு அவருடைய நோட்டில் கட்டமே கிடையாது.

அன்று சாயங்காலம் அதே பையன்களோடு நடந்த ஆட்டத்தில் நிரோஷா மறுபடி ரைட் விங்கில் இறங்கினாள். பக்கிரிசாமி சார் ஒரு பிடிவாதத்தோடு நின்றார். பந்து எங்கே போனாலும் போகட்டும், இவளைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அது எவ்வளவு சிரமம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லாரும் கத்துகிற பக்கம் தலை தானாகத் திரும்பும். அவர் திருப்பவில்லை.

அவள் ஓடினாள். அடடா, என்ன ஓட்டம்! எதிராளி எந்தக் காலை மாற்றுகிறான் என்று பார்த்து, அந்த நொடியில் அவன் முதுகுக்குப் பின்னால் நழுவிவிடுவாள். போய் நின்ற இடத்தில் சுற்றிலும் பத்தடிக்கு ஆள் இருக்காது. கையைத் தூக்குவாள்.

"அக்கா!"

யாரும் திரும்பமாட்டார்கள். திரும்பி ஓடி வருவாள். அடுத்த தடவை வேறு வழியாகப் போவாள். மறுபடியும் கை.

"அக்கா! அக்கா!"

பத்தொன்பது தடவை எண்ணினார் சார். அந்த அணியில் அவளைவிடச் சின்னவள் ஒருத்தியும் இல்லை. கேப்டன் மேரி முதல் கோல் போஸ்ட்டில் நிற்கும் ஜான்சி வரை பத்துப் பேரும் அவளுக்கு அக்காதான். மேரி, ஜான்சியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள். ஜான்சி, மேரியைத்தான் என்று இருந்துவிட்டாள்.

இருபது நிமிஷத்துக்கே பக்கிரிசாமி சாருக்கு அழுகை வராத குறை. இந்தப் பெண் வந்த நாள் முதலாய் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இவளைப் போய் ஊருக்கு அனுப்பப் பார்த்தோமே என்று தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்துதானே பாக்கி என்று திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"உள்ள இறங்கினா பேரைச் சொல்லிக் கூப்பிடணும். புரியுதா?"

"ஐயோ, பெரியவங்களைப் போய் எப்படி சார்?"

"சரி, பேரோட அக்காவும் சேர்த்துக்கோ. மேரிக்கா. ஜான்சிக்கா. யார்கிட்ட பந்து இருக்கோ அவங்க பேரு. சொல்லு பார்ப்போம்."

பத்துப் பேரையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். இரண்டு தடவை ஒப்பித்தாள். ஒரு தப்பு இல்லை. சாருக்கு மகா சந்தோஷம்.

பையன்களோடு ஆட்டம் ஆரம்பித்தது. நழுவினாள், ஓடினாள், கையைத் தூக்கினாள்.

"அக்கா!"

சார் தலையில் அடித்துக்கொண்டார். கோட்டோரத்திலிருந்து, "பேரு! பேரு!" என்று கத்தினார். அடுத்த ஓட்டத்தில் அவள் பேரைத் தேடினாள். தேடின நேரத்தில் கால் தயங்கியது. எதிராளி வந்துவிட்டான். அதற்கடுத்த ஓட்டத்தில் ஜான்சியிடம் இருந்த பந்துக்கு மேரியைக் கூப்பிட்டாள். பிறகு எல்லாமே மறந்து, ஓட்டமும் போய், நடுவெயிலில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டாள். இருந்த ஒன்றையும் நாமே கெடுத்துவிட்டோமோ என்று சார் பயந்துபோனார்.

ஆட்டம் முடிந்ததும் அவளே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சார், என்னை ஊருக்கு அனுப்பிடுவீங்களா?"

"யாரு சொன்னா அப்படி? ஏன்மா, உனக்குப் பேரு நல்லாத்தானே தெரியுது. வாயில ஏன் வரமாட்டேங்குது?"

"தெரியல சார். எங்க வீட்ல எனக்கு நாலு அக்கா. நான்தான் கடைக்குட்டி. அக்கான்னு கூப்பிட்டா போதும் சார், அடுப்படியில இருக்கிறவ, கொல்லையில இருக்கிறவ, எல்லாரும் திரும்பிடுவாங்க. பேரு சொல்லிப் பழக்கமே இல்ல."

"போய்ச் சாப்பிடும்மா" என்று மட்டும் சொன்னார் சார்.

சாயங்காலம் ஐந்து மணி. ஆறு மணிக்குள் பட்டியல் போகவேண்டும். ஜெசிந்தா மேடம் ஆபீஸ் அறையில் மேஜைமேல் பட்டியலை விரித்து வைத்திருந்தார். பக்கிரிசாமி சார் நோட்டோடு உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"எழுதியாச்சா சார்?"

"எழுத முடியல மேடம். ஓட்டம் இருக்கு. இடம் தெரியுது. நான் இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்ல. ஆனா வாயைத் திறந்தா அக்காவைத் தவிர ஒண்ணும் வரமாட்டேங்குது. நானும் சொல்லிக்கொடுத்துப் பார்த்துட்டேன். பேரு நினைச்சா கால் நிக்குது."

"என்ன சொல்றா?"

"வீட்ல அக்கான்னு கூப்பிட்டா நாலு பேரும் திரும்புவாங்களாம். அந்தப் பழக்கமாம். கேட்டதும் எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா இது வீடா மேடம்? மைதானமாச்சே!"

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க எத்தனை பேர் திரும்பினாங்க சார்?"

"ஒருத்தியும் இல்ல."

வெளியே பெண்கள் வலையை அவிழ்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"நான் என்ன எழுதட்டும் மேடம்?" சார் விடவில்லை. "உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. தேறுவாளா, தேறமாட்டாளா?"

"இன்னும் தேறலைன்னு எழுதுங்க."

பக்கிரிசாமி சாருக்கு நெஞ்சு திக்கென்றது. நோட்டைப் பிரித்து, நிரோஷா என்று எழுதிய பக்கத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

ஜெசிந்தா மேடம் அந்தப் பக்கத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"இதுல இல்ல சார். இவளை லிஸ்ட்டுல சேர்த்துடுங்க. தங்கச்சி கூப்பிட்டும் திரும்பாத பத்து அக்கா இருக்காங்களே, அவங்க பேருக்கு நேரா எழுதுங்க."