கேட் வரைக்கும் ஒரு நடை

அந்தக் கல்லூரியில் விளையாட்டு வீரர்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு இடம். விண்ணப்பித்தவர்களோ நானூறு பேர். முதல்வர் அரங்கநாயகத்திடம் சிபாரிசும் எடுபடாது, கண்ணீரும் எடுபடாது. கோவில்பட்டியிலிருந்து வந்த செண்பகவல்லி, வேகநடைப் போட்டியில் மாநில அளவில் வாங்கிய சான்றிதழை நீட்டினாள்.

"நடக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டாம்மா? முப்பது வருஷமா நான்கூடத்தான் தினமும் பீச்சுல நடக்கிறேன். எனக்கு யார் மெடல் குடுத்தா?" என்று அதை ஓரமாகத் தள்ளினார் முதல்வர்.

"அப்படின்னா நீங்களே நடுவரா இருங்க சார்," என்றாள் செண்பகவல்லி பணிவாக. "எங்க போட்டியில எப்பவும் ஒரு காலாவது தரையில இருக்கணும். ரெண்டும் எழும்பினா ஓட்டம்னு வெளியேத்திடுவாங்க. கேட் வரைக்கும் நடக்கிறேன், பக்கத்துலயே வந்து என் காலைப் பாருங்க. தப்புப் பண்ணினா அப்படியே பஸ் ஏறிடறேன்."

நடுவர் பதவி என்றதும் முதல்வர் கோட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். வேப்பமரம் வரைக்கும் கம்பீரமாகத்தான் நடந்தார். கொடிக்கம்பம் தாண்டியதும் மூச்சு வாங்கியது. அவளோ விறுவிறுவென்று போய்க்கொண்டே இருந்தாள். முதல்வர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவருவதை, கேட்டில் வாட்ச்மேன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கால் தரையை விட்டுச்சா சார்?"

"இல்லம்மா," என்றார் முதல்வர், கேட்டைப் பிடித்துக்கொண்டு.

"உங்களுது ரெண்டும் விட்டுடுச்சு சார்."

முதல்வருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தப் பொண்ணோட விண்ணப்பத்தை இங்கேயே எடுத்துட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் வாட்ச்மேனிடம். "ஆபீஸ் வரைக்கும் திரும்பி நடக்கிற விளையாட்டெல்லாம் எனக்கு ஆகாது."